சீலாவின் வாயைக் கட்டமாட்டேன்

1. குதிரை ஓடவில்லை

என் முன்பல் ஒன்று பொய்ப்பல். கேட்கிறவர்களுக்கு ஆளுக்கொரு கதை சொல்வேன். ஒருவருக்குச் சண்டையில் போனது என்பேன், இன்னொருவருக்குச் சுறா அடித்தது என்பேன். உண்மையில் அது நிலாவெளிக் கடற்கரையில் ஒரு கலியாண மாப்பிள்ளையின் கண்ணெதிரே, ஒரு பெண்குதிரையின் நெற்றி பட்டுப் போனது.

நான் பிறவிக் குதிரைக்காரன் இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தடியில் படங்கு, அதாவது தார்ப்பாய், தைத்தவன். லொறிக்குப் படங்கு, வள்ளத்துக்குக் கூரை, ஓட்டோவுக்கு மழைத்திரை என்று கோணி ஊசியோடு காலத்தை ஓட்டினேன். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் கடற்கரைக் குடைகள் தைக்கக் கூப்பிட்டார்கள். குனிந்து தைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த குதிரை என் மடியில் இருந்த வாழைப்பழத்தைத் தோலோடு எடுத்துத் தின்றது. பயத்தில் நான் விறைத்துப்போய் இருந்தேன். தூரத்திலிருந்து பார்த்த மனேஜருக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. "யோகண்ணைக்கு மிருகங்களோட நல்ல பொறுமை" என்று சொல்லி, அதற்கு முந்தின வாரம் வேலையை விட்டுப்போன குதிரைக்காரரின் இடத்தை எனக்குத் தந்தார். இந்த வேலைக்கு வரப்போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்: பொறுமைக்கும் விறைப்புக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. குதிரைக்கு மட்டும் தெரியும்.

அவள் பெயர் சீலா. பக்கத்தில் கரைவலை இழுக்கிற நசார் நானா வைத்த பெயர். சீலா மீனின் முகம் போல நீண்ட முகமாம். ஹோட்டல் அவளுக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயருக்கு அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

வேலை இலேசானது. கலியாண சோடிகள் படம் எடுக்க வருவார்கள். மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றி, கயிற்றைப் பிடித்து, அலை வந்து போகிற ஈரமணலில் நான் நடத்திக்கொண்டு போகவேண்டும். சீலா நல்லவள், உதைக்கமாட்டாள், கடிக்கமாட்டாள். ஆனால் கடிவாளம் போட்டால் தலையாட்டுவாள். மேலே ஒரு வீச்சு, பக்கத்துக்கு ஒரு வீச்சு, பிறகு காதை என் தோளில் தேய்ப்பாள். படங்கள் எல்லாவற்றிலும் மாப்பிள்ளை தெளிவாக இருப்பார். குதிரைக்கு மட்டும் மூன்று தலை இருக்கும்.

அன்றைக்குப் படக்காரர் கத்தினார்: "அண்ணை, அந்தத் தலையை ஒருக்கா நேராப் பிடியுங்கோவன்!"

நான் குனிந்து மூக்குப்பட்டியை ஒரு துளை இறுக்கினேன். சீலா தலையை மேலே வீசினாள். என் வாயில் இடி விழுந்தது. கயிற்றை விட்டுவிட்டு ஓடத் தொடங்கினேன்.

நான்தான் ஓடினேன், குதிரை ஓடவில்லை. என் பின்னால் நடந்து வரப் பழகிய குதிரை அல்லவா, நான் வேகமாகப் போக அவளும் வேகமாக வந்தாள். அவள் வருவதைப் பார்த்து நான் இன்னும் வேகமாக ஓடினேன். மேலே தலைப்பாகையோடு இருந்த மாப்பிள்ளைதான் எங்கள் மூவரிலும் புத்திசாலி.

"அண்ணை, நில்லுங்கோ! நீங்கள் நிண்டா இதுவும் நிக்கும்!"

நான் எங்கே நின்றேன்? கால்களுக்கு மூளையைவிடச் சேவை அனுபவம் கூட. கரைவலைக்காரர் வலையை விட்டுவிட்டு மணலில் இருந்து சிரித்தார்கள். நசார் நானாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது: "டேய் யோகன், குதிரைய நீ கூட்டிப் போறியா, குதிரை உன்னக் கலைக்குதா?"

2. மனேஜரின் பட்டி

மனேஜர் என்னைவிட இருபது வயது இளையவர். கெட்டவர் இல்லை. ஆள் விழுந்தால் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான். அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, ஒரு பெட்டியை மேசையில் வைத்தார்.

"சிரிக்கிற விசயம் இல்ல, யோகண்ணை. வாற ஞாயிறு பெரிய கலியாணம். கொழும்பில இருந்து முதலாளி மடமும் வாறா. அண்டைக்கும் இது தலையாட்டினா மடம் வைச்சிருக்கமாட்டா. கண்டிப் பக்கம் ஒருத்தர் பாரவண்டி இழுக்கக் கேட்டவர். லொறிக்குச் சொல்லியாச்சு."

பெட்டிக்குள் புதுத் தோல் பட்டிகள் இருந்தன. ஒன்று, இழுக்க இழுக்க இரட்டிப்பாய் இறுகுகிற மூக்குப்பட்டி. இன்னொன்று வாயைச் சுற்றிக் கட்டுவது. மூன்றாவது மூக்கிலிருந்து வயிற்றுப்பட்டிக்கு ஓடித் தலையைக் கீழே பிடித்து வைப்பது.

"உந்தப் பட்டியளைப் போட்டா வாய் திறக்கேலாது, தலை தூக்கேலாது," என்றார்.

"மூச்சு விடலாமோ, சேர்?"

"பகிடி விடாதேங்கோ. போடுவியளோ, மாட்டியளோ?"

என் தலை தானாக ஆடியது. எங்கள் ஹோட்டலில் மனேஜருக்கு எல்லோரும் மேலும் கீழுமாகத்தான் தலையாட்டுவோம். பக்கவாட்டில் ஆட்டுகிற ஒரே ஊழியர் சீலா.

கொட்டிலில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். மனேஜர் சொன்னது சரி. சீலா தலையாட்டவில்லை. ஆனால் கண்ணின் வெள்ளை தெரிந்தது. நிழலில் சும்மா நின்றவளுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்தது. கொழுக்கி மாட்டிய மீன் போல மூக்குத்துவாரம் மட்டும் விரிந்து விரிந்து மூடியது.

வாயை மூடிக்கொண்டு ஆடாமல் நின்றால், பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சுமுகம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அதை எங்கள் ஊர்க்காரருக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. நான் பட்டிகளை அவிழ்த்துப் பெட்டிக்குள் போட்டேன். இதை வீரம் என்று நினைக்கவேண்டாம். மனேஜருக்கு ஒரு சொல் சொல்லாமல்தான் பெட்டியை மூடிவைத்தேன்.

3. கண்ணூறு

சீலா தலையாட்டத் தொடங்கிய காலத்தில் எல்லோரும் ஒரே குரலில் சொன்ன காரணம் கண்ணூறு. எத்தனை பேர் பார்க்கிறார்கள், எத்தனை சோடிகள் பெருமூச்சு விடுகிறார்கள், படாமல் இருக்குமா? நான் கோயிலில் பூசை வைத்து ஒரு கறுத்த நூல் கட்டினேன். நசார் நானா ஓதி ஊதிய நூல் ஒன்று கொண்டுவந்தார். ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்கிற சிங்களவர் விகாரையிலிருந்து வெள்ளை நூல் தந்தார். உயிர்காப்புக்கு நிற்கிற பெடியன் மாதா சுரூபம் கோத்த நூல் தந்தான். திருகோணமலையில் ஒரு குதிரைக்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்பு முழுவதும் சீலாவுக்குக் கிடைத்தது.

தலையாட்டல் கூடியது. அப்படியானால் கண்ணூறு கடுமையானது என்று சொல்லி, நான் செப்புக் கூட்டில் ஒரு தாயத்தும் சேர்த்தேன்.

மனேஜருக்கு இது பிடிக்கவில்லை. "வெள்ளைக்காரர் கேக்கிறாங்கள், உதென்ன தொங்குது எண்டு. வெளியில தெரியக்கூடாது." நான் ஊசியை எடுத்து, எல்லாவற்றையும் கடிவாளத்தில் காதுக்குப் பின்னால் போகிற உச்சிப்பட்டிக்குக் கீழே, உள்ளுக்குள் மடித்துத் தைத்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. படங்குக்காரனின் கைவண்ணம்.

4. எல்லாவற்றையும் கழற்றுவது

பட்டிகளைப் பெட்டியில் போட்ட மறுநாள் மிருகவைத்தியரைக் கூட்டிவந்தேன். இதைத்தான் முதலில் செய்திருக்கவேண்டும். பொறுமையான பெண். வாயைத் திறந்து பார்த்துக் கடைவாய்ப் பல்லின் கூர்களை அராவினார். காதுக்குள் உண்ணி இல்லை, கண்ணும் சரி.

"தலையாட்டுறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் ஐயா. பல்லு, காது, பூச்சி, சில குதிரையளுக்கு வெயிலும்கூட. உடம்பில பிழை இல்லாட்டிச் சாமானில தேடுங்கோ. எல்லாத்தையும் கழட்டிப்போட்டு ஒண்டொண்டாத் திருப்பிப் போடுங்கோ. எதில ஆட்டுறாளோ, அதுதான்."

"எல்லாத்தையும் எண்டா, கடிவாளத்தையுமோ டொக்டர்?"

"கடிவாளத்தைத்தான்."

கழுத்தில் ஒரு கயிறு மட்டும் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோனேன். முழங்காலளவு தண்ணீரில் நான் கந்தசஷ்டி கவசம் சொல்ல, அவள் பேசாமல் நின்றாள். ஒரு அசைவு இல்லை. காதுகள் இரண்டும் இரண்டு பக்கமாகத் தளர்ந்து, கீழுதடு தொங்கியது.

கரைக்கு வந்து, வாய் இரும்பில்லாமல் உச்சிப்பட்டியை மட்டும் காதுக்குப் பின்னால் வைத்தேன். வீசினாள் ஒரு வீச்சு.

பட்டியைப் புரட்டிப் பார்த்தேன். நான்கு சமயத்து முடிச்சுகளும் ஒரு செப்புக் கூடும் வரிசையாக இருந்தன. காதுக்குப் பின்னால் மயிரை விலக்கிப் பார்த்தால், அதே வரிசையில் சிவந்த புள்ளிகள். எல்லோருடைய அன்பும் அவள் உச்சியில் குத்திக்கொண்டிருந்திருக்கிறது.

வெட்டவேண்டும். ஆனால் எடுத்த கத்தியைத் திரும்ப வைத்துவிட்டேன். ஒரே வெட்டில் கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் நான்கோடும் பகைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. ஓடிப்போய் நசார் நானாவைக் கேட்டேன்.

"நானா, உங்கட நூலை அவிழ்க்கட்டோ?"

"என்னட்ட ஏன் கேக்கிறாய்? குத்துறது அதுக்கு."

"குற்றம் வராதோ?"

"பயமெண்டா உன்ர கையில கட்டிக்கோ. நீ ஓடின ஓட்டத்தப் பாத்து ஊரே கண் வெச்சிருக்கி. உனக்குத்தான் தேவை."

இன்றைக்கும் என் வலது மணிக்கட்டில் அத்தனையும் இருக்கின்றன, தாயத்து உட்பட.

5. சின்ன ஹெல்மெட்

நூல்கள் போனபிறகு தலையாட்டல் பாதியாகக் குறைந்தது. மற்றப் பாதி எங்கே இருக்கிறது என்று விளங்கவில்லை. ஞாயிறு நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பதற்றத்தில்தான் ஒருநாள் காலை என் ஹெல்மெட் என்று நினைத்து மனைவி வதனியின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார்சைக்கிளில் புது உச்சிப்பட்டிக்குத் தோல் வாங்கத் திருகோணமலை ரவுணுக்குப் போனேன். ரோசாப்பூப் போட்டது. உப்புவெளி தாண்டமுன் காதடி இரண்டும் எரியத் தொடங்கியது. தலையை இந்தப் பக்கம் அசைத்தேன், அந்தப் பக்கம் அசைத்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்போதுதான் மண்டையில் ஏறியது: நான் தலையாட்டுகிறேன்.

வீட்டுக்கு வந்து கழற்றினால் காதடியில் சிவந்த கோடு. வதனி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ர ஹெல்மெட்டை ஏன் போட்டனீங்கள்?"

"சீலாவின்ர நெற்றிப்பட்டி கட்டை, வதனி!"

"நான் ஹெல்மெட்டைக் கேக்கிறன், இவர் குதிரையைச் சொல்லுறார். உங்களுக்கெல்லோ முதலில கடிவாளம் போட்டிருக்கவேணும்."

நெற்றிப்பட்டி கட்டையாக, நீளம் போதாமல் இருந்தால், அது உச்சிப்பட்டியை முன்னுக்கு இழுத்துக் காதின் அடியில் அழுத்தும். சீலாவின் முகம் நீளம் என்று எல்லோரும் நீளத்தையே பார்த்தோம். நெற்றி அகலத்தை ஒருவரும் பார்க்கவில்லை. கடிவாளம் ஒரே சைசில் பெட்டியில் வரும், குதிரை அப்படி வராது. முழுச்செட்டாக வாங்காமல் நெற்றிக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று என்று தனித்தனியே பொருத்திப் பார்க்கத் தொடங்கினேன்.

நான் செய்ததைச் சொல்கிறேன். நெற்றிப்பட்டியை நீளமாக வெட்டினேன், உள்ளே ஒரு விரல் தாராளமாக ஓடுகிற அளவுக்கு. உச்சிப்பட்டியை அகலமாக்கி, காது வருகிற இரண்டு இடத்திலும் வளைத்துக் குடைந்தேன். உட்புறத்தில் மெத்தென்ற கம்பளி கொடுத்தேன். படங்கில் தையல் வெளியே துருத்தக்கூடாது, கடிவாளத்தில் உள்ளே துருத்தக்கூடாது. தொழில் ஒன்றுதான், புரட்டிப் போடவேண்டும். மூக்குப்பட்டி கன்ன எலும்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கவேண்டும். அதற்கும் மூக்கெலும்புக்கும் இடையில் இரண்டு விரல் போகவேண்டும். பக்கத்தில் விரலை நுழைத்துவிட்டு "போகுது" என்று ஏமாற்றக்கூடாது, நடுமூக்கில் வைத்துப் பார்க்கவேண்டும்.

பிறகு வாயில் போடுகிற இரும்பு, பிட் என்போம். தடித்த பிட்தான் மெதுவானது என்று நானும் நம்பியிருந்தேன். அளந்து பார்க்க விரலை உள்ளே விடவேண்டி வந்தது. முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் நடுவில் குதிரைக்குப் பல்லில்லாத ஒரு வெளி இருக்கிறது. சீலா எனக்கு உண்டாக்கிய வெளி மாதிரியே, கடவுள் அவளுக்கு வைத்தது. கண்ணை மூடிக்கொண்டு அதற்குள் விரலை விட்டேன். சிறிய வாய், தடித்த நாக்கு, தடித்த இரும்புக்கு அங்கே இடமே இல்லை. கொட்டிலில் கிடந்த பழைய சாமான்களில் தேடி, மெல்லியதாக, நடுவில் இரண்டு மூட்டு உள்ள பிட் ஒன்றை எடுத்துப் போட்டேன். சீலா நாக்கைச் சுழற்றினாள், மென்றாள், பிறகு பெரிய மூச்சு ஒன்றை என் முகத்தில் விட்டாள். அதைப்போல மணமான காற்றை நான் அதற்கு முன் சுவாசித்ததில்லை.

உப்புக்காற்றில் தோல் காய்ந்து தகடாகிவிடும். ஒவ்வொரு பின்னேரமும் நல்லதண்ணீரால் துடைத்து எண்ணெய் போடவேண்டும். கடற்கரைக் குதிரைக்காரர் அதிகம் பிழைவிடுவது இதில்தான்.

6. ஞாயிறு

மடம் வந்தார். லொறியும் வந்தது. மனேஜரும் வந்தார். பட்டிப் பெட்டி கொட்டில் வாசலில் இருந்தது.

சீலாவின் தலையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "யோகண்ணை, நான் தந்த பட்டி எங்க?"

"பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு, சேர்."

"எடுத்துப் போடுங்கோ."

"போடமாட்டன்."

என் முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. இடுப்பில் சாரம் கட்டியிருந்ததால் வெளியே தெரியவில்லை.

"என்ன சொன்னனீங்கள்?"

"போடமாட்டன், சேர். கட்டாயமெண்டா நீங்கள் போடுங்கோ. முன்னுக்கு நிண்டுதான் போடவேணும். என்ர பல்லு இருந்த உயரத்திலதான் உங்கட பல்லும் இருக்கு."

மனேஜர் ஓரடி பின்வாங்கினார். மடம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "ஆள் விழுந்தா என்ன செய்வீங்க?"

"நானும் லொறியில ஏறுறன், மடம். முன்னுக்கு இல்ல. பின்னுக்கு, அவளோட."

லொறிச் சாரதி தலையை வெளியே நீட்டினார். "பின்னுக்கு ஆள் ஏத்த ஏலாது அண்ணை, பொலிஸ் பிடிக்கும்."

மாப்பிள்ளைக்கு என் பல்லின் கதையை யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். அவர் வேட்டியைச் சரிசெய்வதும் வானத்தைப் பார்ப்பதுமாக நின்றார். கலியாணப் பொம்பிளை சம்பூர்ப் பிள்ளை, வீட்டில் மாட்டுப்பட்டி வைத்திருந்த குடும்பம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இவர் நிக்கட்டும். நான் ஏறுறன், அண்ணை."

ஏறினாள். நான் கயிற்றைப் பிடித்தேன். முடிந்தளவு மெதுவாக நடந்தேன். நான் ஓடாவிட்டால் குதிரையும் ஓடாது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன். அலை வந்து எங்கள் கால்களை நனைத்துவிட்டுப் போனது. சீலாவின் காதுகள் இரண்டும் முன்னுக்கு நின்றன. படக்காரர் முதல்தரமாக ஒன்றும் கத்தவில்லை. கரைவலைக்காரர்கூட இழுக்கிறதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது, மனேஜருக்கு நேர் முன்னால், சீலா தலையை ஒருதரம் வீசினாள்.

என் உயிர் அந்த லொறியில் ஏறிவிட்டது.

"பாத்தியளா!" என்றார் மனேஜர். "பாத்தியளா, மடம்!"

"இலையான், சேர்," என்றேன். கையால் ஈ விரட்டிக் காட்டினேன். "இலையான் இருந்தது. மூக்கில."

ஒருவரும் நம்பவில்லை. ஆனால் இலையானுக்கு மனச்சாட்சி இருந்தது. அது சீலாவின் மூக்கிலிருந்து கிளம்பி, எங்களைச் சுற்றி வந்து, மடத்தின் மூக்கில் இறங்கியது. மடம் தலையை உதறினார். அது திரும்ப வந்தது. திரும்ப உதறினார்.

அந்த நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் புத்தி. எனக்குத் தெரியும். முழங்கால்கள் இரண்டும் அதைத்தான் சொல்லின.

"மடத்துக்கும் பட்டி போடவோ, சேர்?" என்று கேட்டுவிட்டேன்.

குதிரைமேல் இருந்த பொம்பிளைதான் முதலில் சிரித்தாள். மடம் சிரிக்கவில்லை. சீலாவிடம் வந்து, நடுமூக்கில் பட்டிக்குக் கீழே தன் இரண்டு விரல்களை விட்டுப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து, இரட்டிப்பாய் இறுகுகிற பட்டியை எடுத்துத் தன் மணிக்கட்டில் சுற்றி ஒருதரம் இழுத்தார். முகம் சுருங்கியது. லொறிக்காரரைப் பார்த்து, "நீங்க போங்க" என்றார்.

அவ்வளவுதான். எனக்குச் சம்பளமும் கூடவில்லை, பாராட்டும் கிடைக்கவில்லை. விருந்தினருக்கு முன்னால் யோகன் வாய் திறக்கக்கூடாது என்று மனேஜர் உத்தரவு போட்டார். அதை நான் ஒருநாளும் பின்பற்றவில்லை. அவரும் இப்போது களைத்துவிட்டார்.

குதிரைவேலைக்கு வருகிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்வது இதுதான். தலையாட்டுகிற குதிரை ஏதோ சொல்கிறது. அதன் வாயைக் கட்டமுன், அதன் தலையில் நீங்கள் என்னென்ன கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அன்பாகக் கட்டியதைத்தான் முதலில் பாருங்கள். கட்டு என்று மேலிடம் சொன்னால் மாட்டேன் என்று சொல்லுங்கள். முழங்கால் நடுங்கும், நடுங்கட்டும். நடுங்கிக்கொண்டும் சொல்லலாம்.

மடம் இழுத்துப் பார்த்த அந்தப் புதுப்பட்டி வீணாகவில்லை. கொட்டிலின் வாசல் படலையை அதனால்தான் கட்டி வைத்திருக்கிறேன். நல்ல இறுக்கம். படலைக்கு மூச்சு விடத் தேவையில்லை.